பேசாத வாரமும் இரண்டு பூப்பொட்டலமும்

ஜூலை 3, வியாழன்

தூறல். நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. ஈர சாக்ஸோடு பள்ளிக்கூடம்.

செய்ய வேண்டியவை: அறிவியல் ரெக்கார்டு. நூலகப் புத்தகம் திருப்ப (ஏற்கெனவே தாமதம்). சனிக்கிழமைக்கு ஒரு சவால் யோசிக்க.

சவால்தான் வரவில்லை. சனிக்கிழமைக் குழு நடப்பது ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி அறையில். கல்லூரியில் படிக்கும் அக்காக்கள் வந்து எங்களோடு பாயில் உட்கார்வார்கள். ஒரு அக்காவுக்கு இரண்டு பேர். எனக்கும் ரேவதிக்கும் சைத்ரா அக்கா. பாடம் எல்லாம் கிடையாது. பேச்சுதான். பத்தாவது முடித்து என்ன படிக்கலாம், அதை வீட்டில் எப்படிக் கேட்பது, பஸ்ஸில் ஒருவன் வேண்டுமென்றே இடித்தால் என்ன செய்வது. இதுவரை அறை வாடகையும் அக்காக்களின் பஸ் காசும் கொடுத்து வந்தவர் இந்த மாதத்தோடு நிறுத்துகிறார். அதனால் நாங்கள் ஆளுக்கு ஒரு சவால் எடுக்க வேண்டும். முடித்துக் காட்டினால் பணம் தர வேண்டும் என்று தெரிந்தவர்களிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

ஒருத்தி சாமுண்டி மலை ஏறுகிறாள். இரண்டு பேர் ஸ்கிப்பிங். ரேவதிக்குக் கவலையே இல்லை, கோ-கோ விளையாட்டில் யாராலும் அவளைத் தொட முடியாது, அதையே சவால் ஆக்கிவிட்டாள். நான் ஓடினால் எனக்கு இரைக்கும். சமைத்தால் மற்றவர்களுக்கு ஆபத்து.

சாப்பிடும்போது அப்பா: "நீ ஒரு வாரம் பேசாம இரு சௌமி. அதுக்கு இந்தத் தெருவே காசு குடுக்கும்."

அம்மா சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்ட வேண்டியிருந்தது. கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். சரியான சவால்.

ஜூலை 4, வெள்ளி

ஆஷாட வெள்ளி. சாமுண்டி அம்மனைப் பார்க்க மலைக்குப் போகும் கூட்டத்தில் பஸ் கிடைக்கவில்லை. நடந்தே வந்தேன்.

விதிகள் (நான் எழுதியது, சைத்ரா அக்கா பார்த்தது):

1. இந்தச் சனி குழு முடிந்ததிலிருந்து அடுத்த சனி குழு தொடங்கும் வரை வாயால் ஒரு சொல் கூடாது.
2. தூக்கத்தில் உளறினால் சேராது. (சாட்சி அம்மா.)
3. எழுதிக் காட்டுவது வகுப்புக்கும் அவசரத்துக்கும் மட்டும்.
4. ஒரு சொல் பேசிவிட்டாலும் யாரும் ஒரு ரூபாய் தர வேண்டாம்.

நான்காவது தேவையா, பேசாமல் இருந்த நாளுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்றார் சை. அக்கா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதிச் சவால் என்று ஒன்று உண்டா.

ஒப்புக்கொண்டவர்கள்: கணக்கு மிஸ் (எல்லோரையும்விட அதிகம், முகத்தில் ரொம்ப நிம்மதி), நூலக மேடம், ஆட்டோ பிரகாஷ் அண்ணன், எதிர்வீட்டு ஜெயம்மா, அப்பா, அப்பாவோடு ரயிலில் நஞ்சன்கூடு ஃபேக்டரிக்குப் போகிறவர்கள். எல்லாம் வந்தால் அறைக்கு இந்த வருஷம் கவலையில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரேவதியின் அம்மா வந்தாள், ரத்னா அத்தை. எங்கள் காம்பவுண்டில் கடைசி வீடு. அவர்களும் ஹனூர்ப் பக்கம்தான், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கிறாள். ஆஷாட வெள்ளி என்றால் அவளுக்குத் தீபாவளி. விரல் நுனியெல்லாம் வெடித்து, நார் கிழித்த கோடுகள். அம்மா தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். "அம்மனுக்குச் செவப்புத்தான் வேணும்னு பிச்சுட்டுப் போறாங்க அக்கா. மூட்ட மூட்டையாப் போச்சு," என்றாள்.

ரேவதிக்கு அவள் முகம் அப்படியே. சிரிப்பு மட்டும் வேறு.

ஜூலை 5, சனி

தொடங்கிவிட்டது. கடைசியாகச் சொன்ன சொல்: "சரி." எவ்வளவு சாதாரணம். முன்பே யோசித்து நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம்.

முதல் சொல்லையாவது தயார் செய்து வைக்க வேண்டும். அடுத்த சனி எல்லோர் முன்னாலும் சொல்ல. நாலு வரி எழுதி அடித்தாயிற்று. மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது.

பால்காரர் அம்மாவிடம் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அம்மாவுக்கு விளக்க நேரமில்லை. "பேசக் கூடாது அவ, ஒரு வாரத்துக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

அதிர்ச்சி. வரிசையாக.

காலையில் ஜெயம்மா குளித்து, ஈரத் தலையோடு வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். மஞ்சள் துணியில் காசு முடிந்து என் கையில் வைத்து மூடினார். வெள்ளிக்கிழமை சவாலுக்குப் பணம் தருவதாகச் சொன்ன அதே ஜெயம்மா. நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

பால்காரர் போன வீடெல்லாம் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்குள் காம்பவுண்டு முழுக்க நான் மௌன விரதம். எந்தச் சாமிக்கு என்பதில் மட்டும் சண்டை. ஆஷாட மாசம், அதனால் சாமுண்டி என்கிறார் ஜெயம்மா. ஹனூர்க்காரர்கள், அதனால் மாதேஸ்வரன் மலைக்குத்தான் என்கிறார் பிரகாஷ் அண்ணன். அவர் ஆட்டோவின் புது டயரை நான் தொட வேண்டுமாம். தொட்டேன். என்ன செய்வது.

மாடி வீட்டுப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து மாமியாரைப் பற்றி எல்லாம் சொன்னாள். எல்லாம் என்றால் எல்லாம். எனக்கு இத்தனை நாள் யாரும் இப்படி ஒன்றும் சொன்னதில்லை. வாயை மூடினால் இவ்வளவு கேட்குமா.

மாலைக்குள் மஞ்சள் முடிச்சுகள் ஒரு சின்ன டப்பா நிறைய. சந்தோஷம், குழுவுக்குச் சேர்க்கலாம் என்று டப்பாவைச் சைத்ரா அக்காவின் பையில் போடுவது போல் அம்மாவுக்குச் சைகை காட்டினேன். அம்மா பயந்துவிட்டாள். மஞ்சளில் முடிந்தது சாமி காசு, மலை உண்டியலுக்குத்தான், அதில் ஒரு ரூபாய் எடுத்தாலும் வீட்டுக்கு ஆகாது. சரி, திருப்பிக் கொடுத்துவிடலாமா? அதுவும் முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

ஆக, காம்பவுண்டில் சவாலுக்குப் பணம் தருவதாகச் சொன்னவர்கள் சாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

வெயில் அரை மணி நேரம். எல்லா வீட்டிலும் துணி வெளியே.

வகுப்பில் கணக்கு மிஸ் கேள்வி கேட்டார், என் கை தானாக எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சொன்னார், இன்றுதான் மற்றவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று தெரிகிறதாம். நான் பேசினால் வேறு யாருக்கும் இடம் இல்லையா? குறித்துக்கொள்ள வேண்டியது.

ரேவதி வரவில்லை.

மாலை. அம்மா ஃபால்ஸ் தைத்த சேலைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். ரத்னா அத்தை வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள், வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். கையில் இரண்டு பொட்டலம், வாழையிலையில் சுற்றி நாரால் கட்டியது. இரண்டும் ஒரே அளவு.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் கண்ணு. விரதத்த முறிக்காத. என்ற மனசுல ஒரு கேள்வி இருக்குது. ஒண்ண எடு, போதும்."

இது எனக்குத் தெரியும். ஊர்க் கோயிலில் பார்த்திருக்கிறேன். பூ கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நான் மறுத்திருக்கலாம். தலையாட்டினால் பணிவு என்பார்கள் என்று தெரிந்துவிட்டதால் தலையாட்டவில்லை. ஹனூரில் மனை வாங்குவது பற்றி அவர்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

இடது கைப் பக்கம் இருந்ததை எடுத்தேன். அத்தை பிரித்தாள். வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள். சந்தோஷமா இல்லையா என்று தெரியவில்லை. மற்றதைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விடச் சொல்லிவிட்டுப் போனாள்.

மைசூரில் ஓடுகிற தண்ணீர் எங்கே இருக்கிறது?

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. அப்பா தினமும் நஞ்சன்கூடு போகிறார், அங்கே கபிலா ஓடுகிறது. பொட்டலத்தை அவர் சாப்பாட்டுப் பையின் பக்க அறையில் வைத்து, ஆற்றில் போடுவது போல் கையால் காட்டினேன். "யார ஆத்துல தள்ள, என்னயா?" என்றார்.

நூலகப் புத்தகம் இன்னும் திருப்பவில்லை. அது ரேவதியிடம் இருக்கிறது. அவள் இன்றும் வரவில்லை. வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி சத்தம்.

ரெக்கார்டு முடிந்தது. தவளை நன்றாக வரவில்லை.

முதல் சொல்லுக்கு இன்று ஒரு வாக்கியம் கிடைத்தது. ஓரளவு பரவாயில்லை. பின் அட்டையில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

மணி அடித்துப் பள்ளிக்கூடம் விட்டபோது ரேவதி கேட் ஓரம் நின்றிருந்தாள். யூனிஃபார்ம் இல்லை, வீட்டு நைட்டி மேல் துப்பட்டா. நூலகப் புத்தகத்தை நீட்டினாள்.

"வெச்சுக்க. இனி எனக்கு வேண்டாம்."

அவளுடைய மாமனுக்கு, ரத்னா அத்தையின் தம்பிக்கு, அவளைக் கொடுக்கிறார்கள். ஹனூரில் அவருக்கு போர்வெல் போட்ட நிலம் இருக்கிறது. ஆஷாடம் முடிந்ததும் ஊரில் வைத்து, சத்தமில்லாமல். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பா மாதேசு மாமாதான் இத்தனை நாள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தார், படிக்கட்டும் என்று. கடைசியில், சரி, சாமியைக் கேள், சாமி சொன்னால் நான் குறுக்கே நிற்கவில்லை என்றிருக்கிறார்.

"பூ வெள்ளை வந்துச்சாம். எங்கப்பாவும் சரின்னுட்டார். நீதான் எடுத்தியாம்."

புத்தகம் கையில். சுற்றிலும் சைக்கிள் பெல், ஐஸ்காரர், ஒன்பதாவது பையன்கள் ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு. எனக்கு அவள் முகம் மட்டும் தெரிந்தது. அவளுக்கும் என் வயது. பதினைந்துகூட முடியவில்லை.

"ஏதாச்சும் சொல்லேன் சௌமி."

நான் சொல்லவில்லை. கை தானாக வாய்க்குப் போனது. பையில் பேனா எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் தெருவின் அந்தப் பக்கம்.

பேனா எடுக்கக் குனிந்தேன். வாய் இருந்தது. பேனா எடுக்கக் குனிந்தேன்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

விடாத மழை. ரயில் தாமதம், அப்பா நனைந்து வந்தார்.

எதுவும் சாப்பிடவில்லை என்று அம்மா திட்டினாள். விரதத்தில் உபவாசமும் சேர்ந்ததா என்று ஜெயம்மா ஜன்னல் வழியாக விசாரித்தார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். பக்க அறையில் பொட்டலம். செவ்வாயிலிருந்து அங்கேயே. அப்பாவிடம் காட்டினேன். "அடடா. ஆறு எங்கயும் போயிடாது, நாளைக்குப் போடறேன்," என்றார். இலை கறுத்து, நார் தளர்ந்து, ஒரு பக்கம் பிளந்திருந்தது.

பிளவு வழியாகத் தெரிந்தது. நான் பிரிக்கவில்லை. முதலில் பிரிக்கவில்லை. பிறகு பிரித்தேன்.

வெள்ளை.

ஓரம் பழுப்பு. ஆனால் வெள்ளை. சிவப்பு வாடி இப்படி ஆகியிருக்குமோ என்று சந்தேகம். குடை எடுத்துக்கொண்டு ஜெயம்மா வீட்டு வேலிக்குப் போனேன். அங்கே செவ்வரளி நிற்கிறது. கீழே ரெண்டு மூன்று நாளான பூக்கள் சேற்றில். பொறுக்கிப் பார்த்தேன். வாடினாலும் ரத்தம் காய்ந்த நிறம். ஒன்றுகூட வெளுக்கவில்லை.

ஆக, நான் எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான். இடது கை, வலது கை, என் பெருமை, சாமி, எதற்கும் அங்கே வேலையே இருந்திருக்கவில்லை.

ஒரு நொடி நிம்மதி. என் கை இல்லை என்று. அடுத்த நொடியே நிம்மதி போனது. அப்படியென்றால் அத்தைக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என் முன் கும்பிட்டு நின்றாள். அழுதாள். இது எப்படி முடியும்? சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்து வந்தவள்.

விதி 3, அவசரம். எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். ரத்னா அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்றாள். பூவைப் பார்த்தாள். பிறகு, அது அவர்கள் வீட்டு விஷயம், பொண்ணைப் பெற்றவளுக்கு ஆயிரம் இருக்கும் என்றாள். பிறகு,

"நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. வாயத் தொறந்துடாத. அத்தன பேர் காசும் போயிடும்."

அம்மா ரேவதியின் வயதில் கல்யாணம் ஆனவள். அதை நான் இன்றுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

மாதேசு மாமாவுக்கு எழுதிக் கொடுக்கலாமா? அவர் படிப்பது பஸ் போர்டு மட்டும். அத்தைக்கு அதுவும் இல்லை.

சை. அக்காவுக்கு எழுதலாம். அதற்குள் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டால்?

ஜூலை 11, வெள்ளி

ஆஷாட வெள்ளி. வரிசைப்படி எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அம்மாவிடம் பூ என்று சைகை. சாமிக்கு வாங்க என்று நினைத்துக் காசு கொடுத்தாள். கறுத்த பொட்டலம் என் யூனிஃபார்ம் பாக்கெட்டில்.

மார்க்கெட்டில் நடக்க வழியில்லை. கூடை, முழங்கை, ஈரம். மாதேசு மாமா மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை, ஆஷாட வெள்ளி என்றால் அத்தைக்கு மூட்டை தூக்க வந்துவிடுவார். அத்தை சாக்கின் மேல் உட்கார்ந்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சிவப்பு. செவ்வரளி, செம்பருத்தி, ரோஜா, குவியல் குவியலாக. அவள் மடியில் சிவப்பு. அவள் விரலெல்லாம் சிவப்புச் சாறு.

என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிடப் போனாள். பக்கத்துக் கடைக்காரியிடம், இந்தப் பொண்ணுதான், வாயைத் திறக்காமல் இருக்கிறது, இது கையால் எடுத்தது பொய்க்காது என்று சொன்னாள். மாமா மூட்டையோடு அப்போதுதான் வந்தார்.

நான் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில், சிவப்பின் மேல் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பார்த்த உடனே. கையால் மூடினாள். மாமாவுக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு அது, வாடுன பூ," என்றார். அத்தை என்னைப் பார்த்த பார்வை: நீதான் பேச மாட்டாயே.

"ரெண்டும் வெள்ளை, அத்தை."

என் குரல் எனக்கே தெரியவில்லை. கரகரவென்று, யாரோ பேசியது போல. அத்தை பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கை முழுக்க அரளி வாசனை, கசப்பு. நான் கையை விலக்கி மறுபடி சொன்னேன், இந்த முறை மாமாவைப் பார்த்து. நான் எடுத்ததும் வெள்ளை, எடுக்காமல் விட்டதும் வெள்ளை மாமா. இது விரதம் இல்லை. சாமிக்கு இல்லை. அறை வாடகைக்கு.

மாமா மூட்டையை இறக்கினார். மெதுவாக, ஏதோ உடையும் சாமான் மாதிரி.

"ஹௌதா ரத்னா?" நிஜமா என்று கேட்டார்.

அத்தை தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு... செவப்பு வரல மார்க்கெட்டுக்கு."

பக்கத்துக் கடைக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். ஆஷாடத்தில், மைசூரில், பூக்காரி சொல்கிறாள். மாமா அந்தக் குவியல்களைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள். பூ வாங்க வந்த ஒருவர் குனிந்து செவ்வரளி முழம் எவ்வளவு என்று கேட்டார். மாமாதான் விலை சொன்னார். சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அத்தை திட்டுவாள் என்று நின்றேன். அடித்தாலும் சரி என்று நின்றேன். அவள் நார் எடுத்தாள், இரண்டு பூ வைத்து முடிச்சுப் போட்டாள், இன்னும் இரண்டு. என்னைப் பார்க்காமல், முணுமுணுப்பாக:

"இருட்டோட நான் கெளம்பீர்றேன். விடிஞ்சா அவரு போயிர்றாரு. அந்தப் புள்ள ஒத்தையில பூட்டிட்டுப் படுத்திருக்குது. எதிர் மெஸ்ஸுல எத்தன பசங்க. ஒரு நாளாச்சும் எனக்கு ஒழுங்கா முடிச்சு விழுந்திருக்குதா கண்ணு, அதையே நெனச்சுக்கிட்டு? என்ற தம்பின்னா கண்ணு மாதிரி வெச்சுக்குவான்."

பிறகு, "ஒரு நாள்தான பாக்கி இருந்துச்சு உனக்கு," என்றாள்.

ஒரு வாரமாகத் தயாரித்த வாக்கியம் பின் அட்டையில் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூன்றாவது பீரியடில்தான் கவனித்தேன், யாரும் கேட்காமலே நான் பேசாமல் இருக்கிறேன்.

சாயங்காலம் அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. வெகுநேரம் தைத்தாள். பிறகு என் தட்டில் ரெண்டு கரண்டி அதிகம் போட்டாள்.

ஜூலை 12, சனி

வானம் விட்டிருக்கிறது. மாடிப் படியில் பாசி, ஒருத்தி வழுக்கி விழுந்தாள், அடியில்லை.

ரேவதி வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. தலையில் பூ இல்லை. பூக்கார வீட்டுப் பெண், இதுவரை பூ இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. படியிலேயே எனக்கு மட்டும் சொன்னாள்: அப்பா நேற்று எல்லோர் எதிரிலும் மாமனுக்குப் போன் போட்டார். பொண்ணு படிக்கட்டும், இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்றார். மாமன் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே கேட்டதாம். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம். காலையில் அத்தை கிளம்பும்போது அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. என் அம்மாதான் போய்க் கேட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவே இல்லை.

அத்தை?

"எங்கம்மா நேத்துலருந்து யார்கிட்டயும் பேசல. இப்ப அவங்க மௌன விரதம்," என்றாள் ரேவதி. சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கிற மாதிரி. "உள்ள யார்கிட்டயும் சொல்லாத. எங்கம்மாவ எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

உள்ளே எல்லோரும் வட்டமாக. மலை ஏறியவளுக்குக் கைதட்டல். ஸ்கிப்பிங்குக்குக் கைதட்டல். என் முறை. சை. அக்கா கடிகாரத்தைப் பார்த்து, இனி பேசலாம், முதல் சொல்லைச் சொல் என்றார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

நேற்றே பேசிவிட்டேன் என்றேன்.

அறை முழுக்க 'ஐயோ'. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. என் பணத்தை நம்பித்தான் அறையின் சொந்தக்காரரிடம் பேசி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதாவது காரணம் இருந்திருக்குமே, நீ சும்மா பேசுகிறவள் இல்லை, காரணத்தைச் சொல், நானே உன் கணக்கு மிஸ்ஸிடம் பேசுகிறேன், எல்லோரிடமும் பேசுகிறேன், காரணம் நியாயமாக இருந்தால் அவர்கள் கொடுப்பார்கள், மனிதர்கள்தானே என்றார். மெதுவாக, கன்னடத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு.

நியாயமான காரணம். அது என் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்து பாயின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது. தலை நிமிரவில்லை. விரல் மட்டும் நின்றுவிட்டது.

"மறந்துட்டேன் அக்கா. மறந்து பேசிட்டேன்."

சிரிப்பு. ஒருத்தி, தெரியும் எனக்கு, இவளால் முடியாது என்று சொன்னேனே என்றாள். இன்னொருத்தி ஒரு வாரம் இருந்ததே பெரிசு என்றாள். சை. அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு ரேவதியைப் பார்த்தார், பிறகு என் பெயருக்கு நேராகக் கோடு போட்டார்.

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்கிறோம். ஆகஸ்டிலிருந்து பூங்காவில், மழை பெய்யாத சனிக்கிழமைகளில். பாயை யார் வீட்டில் வைப்பது என்று கொஞ்ச நேரம் சண்டை.

ரேவதி நிப்பட்டு (தட்டை மாதிரி) ஒன்றை உடைத்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். உப்பு அதிகம்.